எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்
(திருகோணமலை மாவட்டத்தின் இயற்கை அனர்த்தங்கள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் பெரும் புயல் ஒன்று அடித்தது. நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் சில சிதறிப்போயின. 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய பாய்மரத்தையே வெட்டித் தள்ள வேண்டியதாயிற்று. மரம் இழந்த கப்பலை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்ப முடியாது. புதுமரம் நாட்ட அமைதியான துறை தேவை. இலங்கையின் கிழக்கில் கொட்டியாரக் குடாதான் அதற்குத் தோது என்று அனுப்பிவைத்தார்கள். வந்த இடத்தில், 1660இல், கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போனார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றித் தம் பெயர்பெற்ற நூலை வெளியிட்டார்.

இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கதை எப்போதும் மூதூர்ப் புளியமரத்தடியில் தொடங்கும், புயல் விடுபட்டுப்போகும். அந்தப் புயல் இல்லையென்றால் நொக்ஸும் இல்லை, நூலும் இல்லை.

நொக்ஸ் மட்டுமா? திருகோணமலைத் துறைமுகத்தை வல்லரசுகள் விரும்பியதற்கும் புயல்தான் பெரிய காரணம். சோழமண்டலக் கரையில், சென்னையிலும் சரி நாகப்பட்டினத்திலும் சரி, அந்நாளில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நின்றன. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் அங்கே நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை, எதிரியின் பீரங்கி செய்யாத அளவுக்கு, 1746 ஒக்டோபரில் ஒரே இரவுப் புயல் குலைத்துப்போட்டது. அந்தக் கரைக்குக் கிட்டத்தில், எந்தக் காற்றுக்கும் அசையாமல் பெருங்கப்பல்கள் ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறை ஒன்றே ஒன்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடித்ததும், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதைப் பறித்ததும் இந்த ஒதுக்கிடத்துக்காகவே.

ஆகவே உலகத்துக்குத் திருகோணமலை என்றால் புயலுக்கு ஒதுங்கும் இடம். நகரத்தாரின் மனதிலும் இந்த எண்ணம் கொஞ்சம் ஊறிப்போயிருக்கிறது. 'மலையிருக்கிறது, கோணநாதர் இருக்கிறார்' என்பார்கள். ஆனால் நகரத்து இறங்குதுறையிலிருந்து மூதூர் லோஞ்சில் ஏறி, குடாவின் அந்தப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தால் காட்சி வேறு. கிண்ணியா, மூதூர், தோப்பூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று நீளும் அந்தத் தாழ்ந்த கரைக்கு முன்னால் கடல், பின்னால் மகாவலி. துறைமுகத்துக்குக் காவலாக நிற்கும் பாறைமேடுகளில் ஒன்றும் அங்கே இல்லை. இந்த உரை பெரும்பாலும் அந்த எதிர்க்கரையிலிருந்து பேசுகிறது.

முதலில் காற்று.

வங்காள விரிகுடாவின் சூறாவளிகளுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஒக்டோபரில் அவை பெரும்பாலும் ஒடிசா, ஆந்திரம் பக்கம் போகும். நவம்பர் கழியக் கழியத் தெற்கே இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய ஐந்து பாகைக்குள், பூமியின் சுழற்சி காற்றைச் சுழலவைக்கப் போதாது. அதனால் அங்கே சூறாவளி பிறப்பது அரிது. திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கிறது, அதாவது சூறாவளிப் பரப்பின் தெற்கு வேலியோரம். அந்த வேலிக்குச் சூறாவளி வந்து சேரும் காலம் நவம்பர் கடைசியும் டிசம்பரும். பெரும்போக வயல் பச்சையாக நிற்கும் காலமும் அதுவே, குளங்கள் நிரம்பி வான் பாயும் காலமும் அதுவே. ஒரே மாதத்தில் எல்லாம் கூடிவருவதுதான் இந்த மாவட்டத்தின் தலைவிதி என்றால் மிகையில்லை.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவைச் சொன்னால் தமிழ்நாட்டில் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. ஊரே அழிந்து இன்றுவரை பாழாய்க் கிடக்கிறது. அதே சூறாவளி தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் திருகோணமலையையும் வன்னியையும் மன்னாரையும் மிதித்துவிட்டுத்தான் போயிற்று என்பது அங்கே பலருக்குத் தெரியாது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே புயலுக்கு இரண்டு தனித்தனி நினைவுகள். ஒன்றுக்கு மற்றதோடு பேச்சுவார்த்தை இல்லை. பதினான்கு ஆண்டு கழித்து, 1978 நவம்பர் 23இல், மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஏறக்குறைய தொள்ளாயிரம் பேரைக் கொன்றது. கிழக்கில் வயது போனவர்கள் 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்று இன்னும் காலக்கணக்குச் சொல்வது அந்த நவம்பரை வைத்துத்தான்.

காற்று ஒரு சமூகத்துக்கு என்ன செய்கிறது என்பதைக் கூரையில் பார்க்கலாம். கிடுகுக் கூரை முதலிலேயே பறந்துபோகும். ஆனால் பறந்த கிடுகு ஆளைக் கொல்லாது, அடுத்த வாரமே வேறு பின்னி வேயலாம். தகரம் பறந்தால் கத்தி. ஓடும் கல்லும் உள்ள வீடு நிற்கும், அது காசு உள்ளவன் வீடு. இரண்டாவதாகத் தென்னையில் பார்க்கலாம். காற்றுக்கு நெல் சாய்ந்தால் ஒரு போகம் நட்டம். தென்னை சாய்ந்தால், புதுக்கன்று வைத்து அது காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை கிடுகு பின்னும் பெண்ணுக்கும், தும்பு அடிப்பவருக்கும், மரம் ஏறுபவருக்கும் தொழில் இல்லை. பனை அவ்வளவு எளிதில் சாய்வதில்லை. கடற்கரையோரம் பனைவேலி வைத்த முன்னோருக்கு ஏதோ தெரிந்துதான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, 1978க்குப் பின் தீவு கண்ட மிகக் கடுமையான சூறாவளி திருகோணமலைக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பின் கடைசி நாட்கள். பெருநாளுக்கு உடுப்பு எடுத்துவைத்திருந்த வீடுகளின் கூரை போயிற்று. நாட்டில் சில இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆனாலும் இறந்தவர் தொகை பத்தைத் தாண்டவில்லை. உயிர்ச்சேதம் குறைந்ததாலோ என்னவோ அந்த நாள் யாருடைய நினைவிலும் நிற்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து அதே திகதியில் வந்தது அதை முழுவதும் மூடிவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். பௌர்ணமி, சிங்கள மக்களுக்குப் போயா தினம். கோவில்களில் மார்கழித் திருவெம்பாவைக் காலம். இலங்கை நேரம் காலை 6.58க்கு வட சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித்தட்டு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கிழிந்தது. அளவு 9.1. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் அந்தக் கிழிசலுக்கும் நடுவே வெறும் கடல். தடுக்க ஒரு தீவும் இல்லை. நான்கு கிலோமீற்றர் ஆழமான கடலில் சுனாமி மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்தில், பயணிகள் விமானம் போல, ஓடும். அந்த ஆழத்தில் அதன் உயரம் ஒரு மீற்றர்கூட இராது. மேலே போகும் தோணிக்குத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏறும். பத்து மீற்றர் ஆழத்தில் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர். ஓட்டப்பந்தய வீரனாலும் அதன்முன் வெகுதூரம் ஓட முடியாது.

இங்கே ஒரு தவறான பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'கடல் உள்வாங்கினால் ஓடு' என்று அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பாடம், ஆனால் அரைப்பாடம். கிழிசலின் கிழக்குப் பக்கம் கடலடி தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. மேற்குப் பக்கம் உயர்ந்தது. ஆகவே இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்தது ஏறும் நீர். நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் கடல் முன்கூட்டி எந்தச் சைகையும் காட்டாமல் ஏறியது. அது திரும்பிய பிறகுதான் வெகுதூரம் வற்றியது. துள்ளிய மீனைப் பொறுக்கவும் காணாமற்போனவரைத் தேடவும் இறங்கியவர்கள்மேல் அடுத்த அலை வந்தது. அடுத்த சுனாமி சுமாத்திராவிலிருந்து வந்தாலும் இந்தக் கரைக்குக் கடலே அறிவிப்புத் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. நிலநடுக்கமும் இங்கே பெரிதாக உணரப்படாது. செய்தி வந்தால்தான் உண்டு.

அன்று செய்தி வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணிநேர இடைவெளி இருந்தும் வரவில்லை. பசுபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை நிலையம் இருந்தது; இந்து சமுத்திரத்துக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, கிழக்குக் கரையில் கடல் ஏறி மக்கள் இறந்துகொண்டிருந்த செய்திகூட நேரத்தோடு தெற்குக்குப் போய்ச் சேரவில்லை. பெரலியாவில் 'சமுத்திர தேவி' ரயிலில் ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்டோர் மடிந்தது கிழக்கு அடிபட்ட பிறகுதான்.

இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 35,000 பேர். திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்தையொட்டி. அம்பாறையோடும் முல்லைத்தீவோடும் ஒப்பிட்டால் குறைவு என்பார்கள். கிண்ணியாவில் ஒரு குடும்பத்தில் நாலு பேரைப் புதைத்தவரிடம் அந்த ஒப்பீடு செல்லாது. ஆனாலும் மாவட்டத்துக்குள்ளேயே சேதம் ஒன்றுபோல் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உள்துறைமுகம் பெரிய சேதமின்றித் தப்பியது. மறுநாளே இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணத்தோடு வர முடிந்தது. காரணம் கரையின் வளைவும் கடலடியும். கொட்டியாரக் குடாவிலிருந்தே தொடங்கும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு மூவாயிரம் மீற்றருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்குகிறது. (நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வந்து உல்லாசப் பயணிகளுக்குக் காட்சி தருவதும் இதனால்தான்.) ஆழமான நீரில் அலை விரைந்து போகும், இரு பக்கத்து ஆழமற்ற நீரில் தயங்கும், அதனால் அலையின் முகம் பக்கங்களை நோக்கி வளையும். பள்ளத்தின் தலைமாட்டில் வலு குறைந்து, பக்கத்துத் திறந்த கரைகளில் கூடும். புயல் காலத்தில் கப்பல்களைக் காத்த துறை அன்றும் காத்தது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று ஆகியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை.

கிண்ணியாவில் கடலோரத்தில் இருந்த வைத்தியசாலையையே அலை அழித்தது. காயப்பட்டவரைக் கொண்டுபோக வேண்டிய இடமே இல்லாமற்போன ஊர் அது. நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் நடுவே நீர். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல். 2004இல் அங்கே ஓடியது 'பாதை'. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி இழுத்துப்போகும் மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர். மட்டக்களப்பு வரைக்குமான கரையோர வீதியில் இப்படிப் பல துறைகள். அனர்த்தம் என்று பேசும்போது அலையின் உயரத்தைச் சொல்கிறார்கள், காற்றின் வேகத்தைச் சொல்கிறார்கள். பாலம் இருந்ததா என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

நீர் வடிந்த பின் வந்த துன்பங்கள் படம் பிடிக்க முடியாதவை. கிணறுகளை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரை மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்தில்தான் ஊர்க்கிணறுகள் நிற்கின்றன. அலை வந்து கிணற்றை நிரப்பிய பின், உப்பை இறைத்து வெளியேற்றலாம் என்று தண்ணீர்ப் பம்பியை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். உதவிக்கு வந்த சில அமைப்புகளும் அதையே செய்தன. இறைக்க இறைக்க அடியிலிருந்த உவர்நீர் மேலே வந்ததுதான் மிச்சம். ஒன்றிரண்டு மாரிமழை பெய்து மணல் தானே கழுவப்படும்வரை பவுசர் தண்ணீர்தான். பொறுத்திருப்பதும் நிவாரணமாகலாம் என்று அந்த நேரத்தில் யார் சொல்ல முடியும்?

பிறகு காணி. உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அலையோடு போயின. வீட்டில் ஆண் இறந்து, காணி அவர் பெயரில் இருந்தால், விதவை விதானையாருக்கும் கச்சேரிக்கும் நடையாய் நடந்தாள். அதற்குமேல் அரசு ஒரு கோடு கிழித்தது: தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஒரே தீவில் ஏன் இரண்டு அளவு என்று கேட்காதவர் இல்லை. கரைவலைக்காரனின் வாடி கரையில் இருந்தாக வேண்டும். மீன்கூட்டம் வருவதைக் கண்ணால் பார்த்துத்தான் வலை வளைப்பது. அவனை உள்ளே கொண்டுபோய்க் காடு வெட்டிய குடியேற்றத்தில் விட்டால் வீடு இருக்கும், தொழில் இராது. உல்லாச விடுதிகளுக்கு அந்தக் கோடு அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தவில்லை என்ற மனக்கசப்பும் கூடவே வளர்ந்தது. கடைசியில் கோடு தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் தகரக் கொட்டிலில் ஒரு ஆண்டைக் கழித்துவிட்டன. அங்கே மதிய வெயிலில் பிள்ளைகளை இருத்த முடியாது. படகு மட்டும் சில இடங்களில் தேவைக்கு மேலாகவே வந்து இறங்கியது. படம் எடுக்க நல்ல பொருள் அல்லவா.

உதவியைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒரு 'பொதுக்கட்டமைப்பு' உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. திருகோணமலை அடங்கலாக ஆறு மாவட்டங்கள் அதற்குள். மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, கட்டமைப்பு எழும்பவேயில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட, போர் திரும்ப வந்தது. 2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில், சுனாமி நிவாரணத்துக்கென்று வந்த ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடியது. சம்பூர்ச் சனம் மட்டக்களப்புவரை ஓடி, பத்து ஆண்டளவு முகாம்களில் இருந்து, பிறகுதான் தன் காணிக்குத் திரும்பியது. அலையில் வீடிழந்தவன் புது வீட்டையும் போரில் இழந்தான். அப்படிப்பட்டவனிடம் 'சுனாமியின் பாதிப்பு' என்று தனியே ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் அவன் எந்த இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவான்?

ஒன்று மட்டும் அந்தப் பேரழிவிலிருந்து உருப்படியாக எழுந்தது. 2005 மே மாதத்தில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை முறை அமைந்தது. 2012 ஏப்ரல் 11இல் அதற்குச் சோதனை. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி, பிற்பகல் இரண்டு மணிபோல, சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை விடப்பட்டது. கரையோரம் முழுவதும் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. பெரிய அலை வரவில்லை: அந்தமுறை தட்டுகள் மேலும் கீழும் அசையாமல் பக்கவாட்டில் உரசியதால் நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. 2020 டிசம்பர் 2 இரவு 'புரெவி' சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோதும் இதேபோலப் பல்லாயிரம் பேர், கொரோனாக் காலத்தில், பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். எதிர்பார்த்த சேதம் நடக்கவில்லை. 'சும்மா அலைக்கழித்தார்கள்' என்ற முணுமுணுப்பு இரண்டு முறையும் கேட்டது. வீணாய் ஓடிய ஓட்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் அடுத்த முறை ஓடுவார்களா என்பது அந்த முணுமுணுப்பை அதிகாரிகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இனி ஆறு. எதிர்க்கரையைக் கேட்டால், கடல் ஒருமுறை வந்தது, ஆறு வருடாவருடம் வருகிறது என்று சொல்லும்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீரைச் சேர்த்துக்கொண்டு கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் கிளை வெருகலாறு தெற்கே பிரிகிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை மூதூருக்கும் வெருகலுக்கும் வந்து சேர ஓரிரு நாள் எடுக்கும். அதனால் இங்கே வெள்ளம் பெரும்பாலும் மழைவிட்ட பிறகு வரும். வானம் வெளித்திருக்கும், வெயில் அடிக்கும், வாசலில் நீர் ஏறும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவருக்கு இதை விளங்கவைப்பது சிலவேளை பெரும்பாடு. மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறந்தால் நீர் மன்னம்பிட்டியைத் தாண்டி வரும். அங்கே ஆற்றின் மட்டம் எத்தனை மீற்றர் என்பதை வைத்துத்தான் வெருகலில் மாட்டை மேட்டுக்குக் கலைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

வெள்ளம் எந்த மாதத்தில் வருகிறது என்பது வயலுக்கு உயிர்க்கேள்வி. நவம்பர் வெள்ளம் முளையை அழுகவைக்கும். விதைநெல்லுக்கு வழியிருந்தால் திரும்ப விதைக்கலாம். 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் அறுவடைக்கு நின்ற பயிரைத் தின்றது. கிழக்கு மாகாணம் முழுவதும் பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட வெள்ளம் அது. உழவுக்கும் உரத்துக்கும் நகையை அடகுவைத்தவர் அறுவடையில் மீட்பதாகக் கணக்குப் போட்டிருப்பார். வெள்ளத்தின் உண்மையான பட்டியல் பிரதேச செயலகத்தில் இல்லை, அடகுக்கடைப் பேரேட்டில் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' சூறாவளி கிழக்குக் கரையோரமாக ஏறி, தீவின்மேல் மெதுவாக நகர்ந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் மண்சரிவில், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில். சுனாமிக்குப் பின் இந்த நாடு காணாத அழிவு. மலையில் மண்ணைச் சரித்த அந்த நீர் மகாவலி வழியே கீழே வந்தது. மூதூரும் கிண்ணியாவும் வெருகலும் மூழ்கின, வீதிகள் அறுந்தன. மாவிலாற்றில் கட்டு உடைத்துக்கொண்டது. அங்கிருந்தோரில் பலரை ஹெலிகொப்டரில் ஏற்றி எடுக்க வேண்டியிருந்தது. 2006இல் தண்ணீர் வரவில்லை என்பதற்காக உலகச் செய்தியில் அடிபட்ட இடம், பத்தொன்பது ஆண்டில் தண்ணீர் தாங்காமல் செய்தியானது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் கரைக்கு இது மொழியுரிமைப் பிரச்சினை மட்டுமல்ல; மாட்டைக் கலைப்பதா, பிள்ளையைத் தூக்குவதா என்ற பிரச்சினை.

கந்தளாயைச் சொல்லாமல் விடமுடியாது, அது இயற்கை அனர்த்தப் பட்டியலில் சேராது என்றாலும். 1986 ஏப்ரல் 20, விடிய மூன்று மணி. குளக்கோட்டன் கட்டியது என்று தமிழர் மரபும், இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று வரலாற்று நூல்களும் சொல்லும் அந்தப் பழங்குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே போனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. புயலும் இல்லை, மாரியும் இல்லை. சித்திரை வெயில் காலம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கட்டு அது. மண்கட்டுக்குள் நீர் சிறு துளையாகக் கசியத் தொடங்கினால் மண்ணை அரித்து அரித்துக் குழாயாக்கிக்கொள்ளும். வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். கடலும் காற்றும் செய்ததை விதி என்று சொல்லிவிடுகிற நாவு, கந்தளாய்க்கு அப்படிச் சொல்லத் தயங்குகிறது. மாவிலாற்றுக் கட்டுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா?

வறட்சி ஒரு சத்தமும் இல்லாமல் வரும். அதற்கு நினைவுத்தூணும் கிடையாது. 2016 கடைசியிலும் 2017இலும் மாரி பொய்த்து, நாடு நாற்பது ஆண்டில் காணாத வறட்சி என்று சொல்லப்பட்ட காலத்தில், இந்த மாவட்டத்திலும் சிறுகுளங்கள் வெடித்துப் பிளந்தன. வயல் விதைக்காமல் கிடந்தது. ஆண்கள் கொழும்புக்குக் கூலிக்குப் போனார்கள், பெண்கள் வளைகுடாவுக்கு. அதை இடம்பெயர்வு என்று எந்த அலுவலகமும் பதிவதில்லை.

சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26 இந்த நாட்டில் தேசிய பாதுகாப்பு தினம். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை 9.25இலிருந்து 9.27வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். தெற்கே பெரலியாவில் ரயிலின்மேல் அலை ஏறிய நேரத்தையொட்டி அமைந்தது அது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் பாடசாலையிலும் அதே நேரத்தில் தலை குனிந்து நிற்கிறார்கள். 2004இல் அந்த 9.25க்கு அவர்கள் கரையில் முதல் அலை வந்து போய்விட்டிருந்தது. ஆட்கள் சேற்றுக்குள் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.